கையும் பேச்சும் ஓய்ந்தவருக்கு எந்தக் கருவி: மூளை அலையா, கண்ணா, கன்னத் தசையா?

"நினைத்தாலே கர்சர் நகருமாமே, அதை வாங்கிவிடலாமா?" தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோய் வந்தவர் வீட்டிலும், கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர் வீட்டிலும் இந்தக் கேள்வி இப்போது தவறாமல் வருகிறது. தோளுக்குக் கீழே அசைவில்லாத நோலண்ட் ஆர்பா 2024 ஜனவரியில் மூளைக்குள் பதிக்கும் நியூராலிங்க் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு, மார்ச் மாதத்தில் மனதாலேயே கர்சரை நகர்த்தி செஸ் ஆடிக்காட்டிய வீடியோவை யாராவது அனுப்பியிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு வேறு எதைக் காட்டினாலும் பழைய சரக்காகத்தான் தெரியும்.

என் சித்தப்பாவுக்கு ஏ.எல்.எஸ். என்று தெரிந்த வருஷம் நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். தலையில் மாட்டி, மூளை அலையை வெளியிலிருந்தே பதிவு செய்யும் ஈஈஜி கருவி ஒன்றை வாங்கி, ஐந்தாறு மாதம் அதனோடு மல்லுக்கட்டிய பிறகுதான் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று உறைத்தது. கருவியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்திருக்க வேண்டும்: இன்றைக்கு அவரால் நம்பி அசைக்க முடிகிற தசை எது, அது இன்னும் எத்தனை நாள் தாங்கும், தினமும் காலையில் கருவியை மாட்டிவிட யார் இருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும். இதே நிலையில் இருப்பவர்களுக்கு அந்த ஐந்தாறு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஈஈஜியையே எடுத்துக்கொள்வோம், பெரும்பாலானவர்கள் கை வைப்பது அதில்தான். அறுவை சிகிச்சை கிடையாது, தொப்பி மாதிரி மாட்டலாம், பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். 1924இல் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாகப் பதிவு செய்த அதே சமிக்ஞைதான் இன்றைக்கும் இதில் வருகிறது. கருவி சிறிதாகியிருக்கிறது, வேகமாகியிருக்கிறது, ஆனால் நடுவில் இருக்கும் மண்டையோடு அப்படியேதான் இருக்கிறது. ஏராளமான நியூரான்கள் ஒன்றுசேர்ந்து எழுப்பும் மின்னழுத்தம், எலும்பையும் தோலையும் தாண்டி வெளியே வரும்போது சில பத்து மைக்ரோவோல்ட்தான் மிஞ்சும்.

மாட்டிய முதல் நாள் சித்தப்பாவைக் கண்ணை மூடச் சொன்னேன். பின்மண்டையில் இருந்த மின்முனையின் கோடு ஒன்றிரண்டு நொடியில் சீராக ஏறி இறங்க ஆரம்பித்தது, விநாடிக்குச் சுமார் பத்து முறை. ஆல்ஃபா அலை. கண்ணைத் திறந்தார், அடங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் பல்லைக் கடிக்கச் சொன்னேன், எல்லாக் கோடுகளும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு திரையே கறுத்துவிட்டது. இரண்டாவது வாரத்தில் 'இடது கை', 'வலது கை' என்று நினைத்தே ஒரு பெட்டியை இரண்டு பக்கமும் நகர்த்தினார், வீட்டில் ஒரே சந்தோஷம். பதிவை உட்கார்ந்து வடிகட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வலது என்று நினைக்கும்போதெல்லாம் தன்னை அறியாமல் தாடையை இறுக்கியிருக்கிறார். பெட்டியை நகர்த்தியது தாடைத் தசை. தசை எழுப்பும் மின்சாரம் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது, கற்றுக்கொள்ளும் மென்பொருள் எது பெரிதாக இருக்கிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

அன்றைக்கு வந்த ஏமாற்றம் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஆனால் அதற்குள்ளேயே பதில் இருந்தது, தாடை இவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்றால் தலையைச் சுற்றி ஏன் வர வேண்டும், நேராகத் தாடையிலேயே கேட்டுவிடலாமே. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஈஈஜியில் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. கையை அசைப்பதாகக் கற்பனை செய்வது ஒன்று: வலது கையை அசைப்பதாக நினைத்தால் இடது பக்க இயக்கப் புறணியில் (அசைவுகளை இயக்கும் மூளையின் மேற்பகுதி) 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையிலான மியூ அலை சற்று அடங்கும், அந்த அடக்கத்தைத்தான் கணினி தேடுகிறது. கேட்க அழகாக இருக்கும், பழகத்தான் வாரக்கணக்கில் ஆகும். அதிலும் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு எவ்வளவு பழகினாலும் கட்டுப்பாடு சரியாக வருவதில்லை என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். அது அந்த ஆளின் குறை இல்லை, புறணியின் மடிப்பு அமைந்திருக்கும் விதத்தால்கூட சமிக்ஞை வெளியே தெரியாமல் போகலாம், ஆகவே யாரையும் 'நீங்கள் சரியாக நினைக்கவில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். சித்தப்பாவிடம் அப்படி ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது பி300. ஃபார்வெல், டான்சின் இருவரும் 1988இல் செய்து காட்டிய வழி: 6க்கு 6 கட்டத்தில் எழுத்துகள், வரிசைகளும் பத்திகளும் மாறி மாறி மின்னும், நீங்கள் மனதில் வைத்திருக்கும் எழுத்து மின்னும்போது சுமார் 300 மில்லிநொடி கழித்து மூளை அலையில் ஒரு மேடு எழும்பும். ஒரு மேட்டை நம்ப முடியாது என்பதால் பலமுறை மின்னவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். அவர்களுடைய முதல் கருவியில் நிமிஷத்துக்கு இரண்டு எழுத்துக்குச் சற்று மேல்தான் வந்தது. இன்றைக்கு அதைவிட வேகம், அதிகம் பழகவும் வேண்டாம். மூன்றாவது வழியில் திரையில் பெட்டிகள் வெவ்வேறு வேகத்தில் மினுக்கும், எதைப் பார்க்கிறீர்களோ அதே அதிர்வெண் பார்வைப் புறணியில் எதிரொலிக்கும். ஆய்வகத்தில் நிமிஷத்துக்கு 60 எழுத்து வரைகூட 2015இல் எட்டியிருக்கிறார்கள். ஆனால் நாள் முழுக்க மினுக்கும் திரையைப் பார்ப்பது கண்ணுக்குக் கொடுமை, வலிப்பு உள்ளவருக்கு ஆபத்து.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது வழிகள் இரண்டும் நீங்கள் அந்த எழுத்தை நேராகப் பார்க்கும்போதுதான் நன்றாக வேலை செய்கின்றன. கண்ணை வேண்டிய இடத்தில் நிறுத்த முடிகிறது என்றால், அந்தக் கண்ணையே ஒரு கேமரா பார்த்துக்கொள்ளுமே? தலையில் ஜெல் எதற்கு, தொப்பி எதற்கு? ஈர மின்முனைத் தொப்பியை மாட்டிச் சரிபார்க்க அரை மணி நேரம், கழற்றிய பிறகு ஜெல்லைப் போக்கத் தலைக்குக் குளிப்பாட்ட வேண்டும். தன்னால் தலையைத் தூக்க முடியாதவருக்குத் தினமும் இதைச் செய்து பாருங்கள், பத்தாவது நாள் அவரே வேண்டாம் என்பார். உலர் மின்முனைகள் சுத்தம்தான், ஆனால் இரைச்சல் அதிகம், அழுத்திப் பிடித்தால்தான் ஒட்டும், மணிக்கணக்கில் மாட்டினால் வலிக்கும்.

ஆகவே கண் ஒழுங்காக அசைகிறவரைக்கும் என் முதல் பரிந்துரை கண் அசைவுக் கருவிதான், இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பாய்ச்சி, கருவிழியில் விழும் பளிச்சென்ற புள்ளிக்கும் பாவையின் மையத்துக்கும் உள்ள தூரத்தை வைத்து, திரையில் எங்கே பார்க்கிறீர்கள் என்று கணக்கிடும். பார்வையை ஒரு எழுத்தின் மேல் சற்று நேரம் நிறுத்தினால் கிளிக். விண்டோஸில் 2017 முதலே கண் கட்டுப்பாடு இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு டிராக்கர் வேண்டும். ஐபேட், ஐபோனில் 2024 முதல் முன் கேமராவை வைத்தே செய்கிறார்கள், முயன்று பார்க்க அது போதும், தினசரிப் பாடு கழிக்கத் தனி டிராக்கர்தான் சரி. ஆப்டிகீ என்ற திறந்தமூல மென்பொருளும் இருக்கிறது. ஏ.எல்.எஸ்.ஸில் கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடிப்பது இதற்குப் பெரிய பலம்.

தொந்தரவு இல்லாமல் இல்லை. வெயில் நேராக அடித்தால் தடுமாறும், கண் உலர்ந்தால், இமை சரிந்தால் தடுமாறும். தலையணை இரண்டு விரற்கடை நகர்ந்தாலே, கண்ணையும் திரையையும் பொருத்தி வைத்த கேலிப்ரேஷன் போச்சு. எங்கள் வீட்டில் முதல் மாதம் பாதி நேரம் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் கோளாறு திரையைத் தாங்கும் ஸ்டாண்டில் இருந்தது, படுக்கையைச் சாய்க்கும்போது திரை கூடவே சாயவில்லை. கருவியைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு ஸ்டாண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, பார்க்கிற இடமெல்லாம் கிளிக் ஆகிவிடும் என்பதால் சும்மா படிக்கக்கூட முடியாது, 'ஓய்வு' என்று ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே பார்த்தால் கருவி அடங்கும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

தண்டுவடம் அடிபட்டவருடைய கதை வேறு. பேச்சு நன்றாக இருக்கிறதென்றால் குரல் கட்டளைதான் எல்லாவற்றையும்விட வேகம், அதோடு தலை அசைவைப் பின்தொடரும் கேமராவோ, மோவாயால் தள்ளும் ஜாய்ஸ்டிக்கோ, ஊதியும் உறிஞ்சியும் இயக்கும் குழாயோ சேர்ந்தால் நாள் முழுக்க வேலை ஓடும். அவருக்கு மூளை அலைக் கருவி இன்றைக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம்.

இப்போது தாடைக்கு வருகிறேன். ஏ.எல்.எஸ். வந்த இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் கை ஓய்ந்த பிறகு அவருக்குப் பல வருஷம் உதவியது ஒரு கன்னத் தசை. கண்ணாடியில் பொருத்திய சிறிய அகச்சிவப்பு சென்சார் கன்னம் துடிப்பதைக் கவனிக்கும், திரையில் எழுத்துகளின் மேல் தானாக நகரும் கட்டம் அந்தத் துடிப்பில் நின்றுவிடும், அவ்வளவுதான். உலகத்தின் எந்தக் கருவியையும் அடையக்கூடிய மனிதர், அவர் தங்கியது ஒற்றை ஸ்விட்சில். அவருக்காக இன்டெல் எழுதிய ஏகாட் மென்பொருள் 2015 முதல் எல்லோருக்கும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. ஒற்றை ஸ்விட்ச் மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் தலையணை நகர்ந்தாலும், விளக்கு அணைந்தாலும், ஆள் களைத்துப் போயிருந்தாலும் வேலை செய்யும். தோல் மேல் ஒட்டும் சிறு மின்முனையால் கண்ணுக்கே தெரியாத தசைத் துடிப்பையும் பிடிக்கலாம். மணிக்கட்டுப் பட்டையில் இதையே செய்து, விரலால் எழுதுவதை நிமிஷத்துக்குச் சுமார் 21 வார்த்தை வேகத்தில் படித்ததாக 2025இல் மெட்டா ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். கை நன்றாக இருக்கும் ஒருவர் 'மவுஸ் இல்லாமல் கணினியை இயக்க ஆசை' என்று கேட்டால் நான் காட்டுவது இந்தத் திசையைத்தான்.

சரி, இம்ப்ளான்ட். இதில் கிடைக்கும் தரம் வேறு உலகம், அதை மறைக்க மாட்டேன். 2004இல் ப்ரெய்ன்கேட் என்ற மருத்துவச் சோதனையில், கழுத்துக்குக் கீழே அசைவிழந்த மேட் நேகலின் இயக்கப் புறணியில் 4க்கு 4 மில்லிமீட்டர் அளவில் 96 மின்முனை கொண்ட தகடு பதித்து, அவர் மனதாலேயே கர்சரை நகர்த்தினார். 2021இல், தண்டுவடம் அடிபட்ட ஒருவர் பேனாவால் எழுதுவதாக நினைத்தே நிமிஷத்துக்கு 90 எழுத்து எழுதினார். 2023இல் பேச முயல்வதையே படித்து நிமிஷத்துக்கு 62 வார்த்தை ஒரு குழுவுக்கு, 78 வார்த்தை இன்னொரு குழுவுக்கு. 2024இல் ஏ.எல்.எஸ். வந்த 45 வயதுக்காரர் ஒருவருக்கு 256 மின்முனைகளைக் கொண்டு 1,25,000 சொற்கள் அடங்கிய அகராதியில் 97 சதவீதம் சரியாக வார்த்தைகளைத் திரையில் வரவைத்து, நோய்க்கு முந்தைய அவர் குரலின் சாயலிலேயே கணினியைப் பேசவும் வைத்தார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பேச்சு நின்றுபோனவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்னவென்று.

ஆனால் இவை எதுவும் கடையில் வாங்குகிற பொருள் இல்லை, மருத்துவச் சோதனையில் சேர்ந்தால்தான் உண்டு. அங்கேயும் தேர்வு இருக்கிறது. மூளைக்குள் குத்தி நிற்கும் தகடும், நியூராலிங்கின் 64 இழைகளில் உள்ள 1,024 மின்முனைகளும் தனித்தனி நியூரான் அளவில் கேட்கின்றன, அதனால்தான் வேகம். விலை என்னவென்றால் மண்டையைத் திறக்க வேண்டும், திசு வினை புரியும், இழை நகரும். ஆர்பாவுக்கே சில வாரத்தில் பல இழைகள் பின்வாங்கி, கட்டுப்பாடு குறைந்து, மென்பொருளை மாற்றித்தான் மீட்டார்கள். மூளையின் மேற்பரப்பில் விரிக்கும் தகடு உள்ளே குத்தாது, சற்று மங்கலாகக் கேட்கும். சின்க்ரான் நிறுவனத்தின் ஸ்டென்ட்ரோட் கழுத்துச் சிரை வழியாகப் போய் இயக்கப் புறணிக்கு அருகே இருக்கும் பெரிய சிரைக்குள் விரிந்துகொள்ளும், மண்டையைத் திறக்கவே வேண்டாம். ஆனால் மின்முனை 16தான், அதிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது நம்பகமான கிளிக், சரளமான பேச்சை அதில் தேடக் கூடாது. சுவாசம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் ஏ.எல்.எஸ். நோயாளிக்கு மண்டையைத் திறக்காமல் விடுவது சின்ன விஷயம் இல்லை, அவருக்கு முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். உடம்பு திடமாக, பேச்சு மட்டும் போய், இளம் வயதில் இருப்பவர் என்றால் பேச்சைப் படிக்கும் சோதனையை விசாரிப்பேன்.

வேகத்தை மட்டும் பார்த்து இம்ப்ளான்டை எடைபோடக் கூடாது என்று எனக்குப் புரியவைத்தது உட்ரெக்ட் நகரில் நடந்த ஒரு சோதனை. ஏ.எல்.எஸ். முற்றிய ஒரு பெண்மணிக்கு மூளையின் மேற்பரப்பில் மின்முனைகளும் மார்புத் தோலுக்கடியில் அனுப்பியும் வைத்தார்கள், 2016இல் வெளியான ஆய்வு. கையை அசைக்க முயன்றால் ஒரு கிளிக், நிமிஷத்துக்கு இரண்டே எழுத்து. கண் அசைவுக் கருவியைவிட மிக மெதுவு. ஆனால் வீட்டுக்கு வெளியே, கண் கருவி வெளிச்சத்தில் தடுமாறும் இடத்தில், அவர் நம்பியது இதைத்தான். ஏழு வருஷம் வைத்திருந்தார். கடைசியில் பயனற்றுப் போனதும் கருவி பழுதாகி இல்லை, நோயால் மூளையே சுருங்கி சமிக்ஞை தேய்ந்துவிட்டது. ஏ.எல்.எஸ். குடும்பங்கள் இந்தக் கடைசி வரியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும், இம்ப்ளான்ட் வைத்துவிட்டால் நோய் முன்னேறுவதிலிருந்து கருவி தப்பித்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கண்ணும் ஓய்ந்துவிட்டால்? அங்கே ஒன்றுமே இல்லாமல் இல்லை. 2022இல் வெளியான ஒரு ஆய்வில், கண்ணைக்கூட அசைக்க முடியாத ஒருவர், காதில் ஒலிக்கும் ஸ்வரத்தை ஏற்றி இறக்கக் கற்றுக்கொண்டு, அதை வைத்து ஆம், இல்லை சொல்லி, எழுத்து எழுத்தாக வாக்கியமே அமைத்தார். நிமிஷத்துக்கு ஒரு எழுத்து. ஆனால் மூளைக்குள் பதித்த மின்முனையால்தான் அது நடந்தது. தலைமேல் வைக்கும் ஈஈஜியை எல்லாம் ஓய்ந்த பிறகு முதன்முதலாக மாட்டிப் பழக்குவது மிகக் கடினம். பயிற்சிக்கு 'ஆம், இப்போது சரியாக வந்தது' என்று சொல்ல அவரிடம் ஏதாவது ஒரு அசைவு வேண்டும். அதனால் பி300ஐ மாற்று வழியாக வைத்துக்கொள்ள விரும்பினால், கண் நன்றாக இருக்கும்போதே ஆரம்பித்து வைத்துவிடுவது நல்லது. நாங்கள் இப்போது வாரத்துக்கு ஒரு நாள், தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் மட்டும், தொப்பியை மாட்டிப் பார்க்கிறோம்.

சோதனையில் சேரக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியதில் முதலாவது, சோதனை முடிந்த பிறகு இந்தக் கருவியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. ஆர்கஸ் என்ற செயற்கை விழித்திரையை வைத்துக்கொண்ட 350க்கும் மேற்பட்டவர்கள், தயாரித்த நிறுவனம் 2020இல் தடுமாறியபோது கண்ணுக்குள் கருவியோடும் கையில் உதிரிபாகம் இல்லாமலும் நின்றார்கள். எம்ஆர்ஐ எடுக்க முடியுமா, தொற்று வந்தால் எடுக்கும் செலவு யாருடையது, பயிற்சியாளர் வீட்டுக்கு வருவாரா, நாம் போக வேண்டுமா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். தலைமேல் மாட்டும் கருவிக்கும் ஒரு கேள்வி உண்டு: பதிவான அலை எங்கே போய்ச் சேர்கிறது. சிலி நாடு 2021இல் அரசியல் சட்டத்திலேயே மூளைத் தரவுக்குப் பாதுகாப்பு எழுதியது, அமெரிக்காவின் கொலராடோ 2024இல் சட்டம் போட்டது, இப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கணினியிலேயே பதிவாகி, வெளியே அனுப்பாத கருவியாகப் பார்த்து வாங்கலாம். மாணவர்களும் ஆர்வலர்களும் ஈஈஜி பதிவு செய்யும் ஓப்பன்பிசிஐ மின்சுற்றுப் பலகையும் அதைப் படிக்கும் ஓப்பன்வைப் மென்பொருளும் வைத்துத் தாராளமாக விளையாடலாம், கற்றுக்கொள்ள ஈஈஜியைப் போல நல்ல வாசல் வேறில்லை.

இதையெல்லாம் ஒப்பிட்டு முடித்த பிறகும் எங்கள் பட்டியலில் விட்டுப்போன ஒன்றைச் சித்தப்பாதான் கேட்டார், கண் கருவியில் எழுத்து எழுத்தாக: "ராத்திரி மூச்சு முட்டினால் உங்களை எப்படிக் கூப்பிடுவது?" அறை இருட்டு, திரை அணைந்திருக்கும், கண்ணாடியும் கழற்றியாகிவிட்டது. கன்னத்தில் ஒட்டிய சென்சாரை ஒரு அழைப்பு மணியோடு இணைத்தோம், துடித்தால் பக்கத்து அறையில் அடிக்கும். இப்போது படுக்கப் போகும் முன்னால் தினமும் அதை ஒருமுறை அடித்துக்காட்டச் சொல்கிறார் சித்தி. சத்தம் கேட்ட பிறகுதான் அவர் விளக்கை அணைக்கிறார்.